நாடகக்காரர் வீட்டுக்கு வரும் பேருந்து

போன மாதம் முழுக்க ராத்திரி எட்டரைக்கு மேல் எங்கள் வீட்டில் ஷேக்ஸ்பியர்தான். கோலாலம்பூர் செந்தூலில் ஐந்தாவது மாடி வீடு. அம்மா தரையில் பழைய பேப்பரை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பார். நான் ரிமோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வசனத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, அவர்கள் என்ன பேசினார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தமிழில் சொல்வேன். அரை மணி நேர நிகழ்ச்சி எங்களுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஓடும். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஷேக்ஸ்பியர் பெயர் அவருக்குப் புதிதல்ல. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

நிகழ்ச்சியின் பெயர் 'அப்ஸ்டார்ட் க்ரோ'. ஷேக்ஸ்பியர் இறந்து 400 ஆண்டு ஆனதை ஒட்டி 2016-இல் பிபிசி தொடங்கிய நகைச்சுவைத் தொடர். எழுதியவர் பென் எல்டன், முன்பு 'பிளாக்ஆடர்' என்ற நகைச்சுவைத் தொடரை எழுதியவர்களில் ஒருவர். வில் ஷேக்ஸ்பியராக டேவிட் மிட்செல், மனைவி ஆனாக லிசா டார்பக். பெயருக்குப் பின்னால் உண்மைக் கதை ஒன்று இருக்கிறது. 1592-இல் ராபர்ட் கிரீன் என்ற நாடகாசிரியர் இறந்த பிறகு அவர் பெயரில் வந்த ஒரு சிறு நூலில், நம்முடைய இறகுகளைச் செருகிக்கொண்டு திரிகிற நேற்று வந்த காக்கை என்று ஒரு நடிகனைத் திட்டியிருக்கிறது. அந்த நடிகன் ஷேக்ஸ்பியர்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நம் ஊரில் மயிலைப் பார்த்து வான்கோழி ஆடிய கதையைச் சொல்லித் திட்டுவார்களே, அதே திட்டு. கிரீன் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கியவர். ஷேக்ஸ்பியர் கையுறை தைப்பவரின் மகன், பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். படித்தவன் எழுத வேண்டியதைப் படிக்காதவன் எழுதுகிறானே என்ற எரிச்சல். தொடரில் இந்தக் கிரீனாக மார்க் ஹீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்போதெல்லாம் அம்மா நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "இந்த மாதிரி ஆளு ஒருத்தர் மண்டபத்துல இருந்தாரு, உங்கப்பாவுக்கு" என்றார் ஒரு நாள்.

எங்கள் அப்பா நாடகம் எழுதியவர். பெயர் பெற்ற நாடகாசிரியர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோலாலம்பூரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கும் அச்சுக்கோப்பாளராக வேலை பார்த்தார். சாயங்காலம் வேலை முடிந்தால் ஒத்திகை. கோயில் திருவிழா, பொங்கல் விழா, சங்கத்து ஆண்டுவிழா, எங்கே கூப்பிட்டாலும் போய் நாடகம் போடுவார்கள். ஒரு முறை விழாக்குழுவில் படித்த ஒருவர், "அச்சுக் கோக்கிறவர் எழுதின நாடகமா, முன்வரிசைக்கு வெளியூர் விருந்தாளிகள் வர்றாங்களே" என்று அப்பா காதுபடவே கேட்டாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொன்னதில்லை. கூட நடித்தவர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும்.

குடும்பம் பினாங்கில், ஆயர் ஈத்தாமில், தாத்தா பாட்டியோடு. அப்பா பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். அப்போது வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகக் கிடையாது, அது 1994-இல்தான் முடிந்தது. பினாங்குப் பாலமும் 1985-இல்தான் திறந்தார்கள். கோலாலம்பூர் புடுராயா பஸ் நிலையத்தில் ராத்திரி பஸ் ஏறினால் தஞ்சோங் மாலிம், ஈப்போ, தைப்பிங் என்று பழைய சாலையிலேயே உருண்டு, விடியற்காலையில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, ஃபெர்ரியை விட்டு இறங்கி மறுபடியும் ஒரு பஸ். வாசலில் பையை வைத்ததும் முதல் வேலை பஸ்ஸைப் பற்றிப் புலம்புவதுதான். டயர் வெடித்தது, டிரைவர் சாப்பிட இறங்கியவர் முக்கால் மணி நேரம் வரவில்லை, பின் சீட்டில் ஒருவர் டுரியானை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கேட்பார். அது முடிந்த பிறகுதான் பசியாறுவார்.

இந்தத் தொடரில் வில் ஷேக்ஸ்பியர் செய்வதும் இதையேதான்! லண்டனிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் நூறு மைல். அங்கே வேலை, இங்கே மனைவி, பிள்ளைகள், அப்பா, அம்மா. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கோச்சு வண்டியைப் பற்றிப் பெரிய புலம்பல். வண்டி தாமதமானதற்குச் சொன்ன காரணம், நகராமல் நின்ற இடம், பக்கத்தில் உட்கார்ந்தவர் எதையோ தின்றது. இன்றைய பிரிட்டனின் ரயில்களைக் கிண்டல் செய்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அந்தப் புலம்பலை நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இது நம்ம வீட்டுக் கதைலா" என்றார். அன்றைக்கு நெத்திலி பாதி அப்படியே கிடந்தது.

எனக்கு இந்தத் தொடர் இவ்வளவு பிடித்துப் போனதற்குக் காரணம் வில் அல்ல, அவரைச் சுற்றி இருப்பவர்கள். முதல் பாகமே வீட்டில்தான் தொடங்குகிறது. ஜூலியட் வசனத்தை மகள் சூசன்னாவைப் படிக்கச் சொல்கிறார், அந்தப் பெண் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள் என்று அலுத்துக்கொள்கிறது. லண்டன் அறையில் பாட்டம் என்று ஒரு வேலைக்காரர், வீட்டுக்காரம்மாவின் மகள் கேட். வில் ஏதாவது சிக்கலில் மாட்டிக்கொண்டு முழிப்பார். பாட்டம் சாதாரணமாக ஒரு வார்த்தை சொல்வார், கேட் ஒரு யோசனை சொல்வாள், ஊரில் ஆன் அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டே ஒன்றைச் சொல்வாள். அதுதான் பின்னால் உலகமே மனப்பாடம் செய்த நாடகமாக வரும். சொன்னவர்கள் பெயர் எங்கேயும் வராது. ஷேக்ஸ்பியர் நாடகங்களை உண்மையில் அதே காலத்து நாடகாசிரியர் மார்லோதான் எழுதினார் என்று நெடுங்காலமாக ஒரு கட்சி இருக்கிறதல்லவா, அதை எல்டன் தலைகீழாகத் திருப்பி, நண்பர் மார்லோ வில்லிடமிருந்து நாடகங்களை வாங்கித் தன் பெயரில் போட்டுக்கொள்வதாக வைத்திருக்கிறார். ஆனால் வீட்டுக்காரர்களிடமிருந்து வில் எடுத்துக்கொள்வதை அவர் வேறு விதமாகக் காட்டுகிறார். வில் கெட்டவர் இல்லை, அன்பானவர்தான். எங்கிருந்து எடுத்தோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சில் ஒரு மாதிரி இருந்தது.

கேட் விஷயம் இன்னும் ஆழமானது. ஜெம்மா வீலன் நடித்திருக்கிறார். எல்லா வசனமும் தெரியும், வில்லைவிட நிறையப் படித்தவள், அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், மேடையில் நடிக்க வேண்டும். முடியாது, பெண்கள் மேடை ஏறக்கூடாது என்பார்கள். லண்டன் பொது மேடைகளில் பெண்கள் நடிக்கத் தொடங்கியது 1660-இல்தான், ஷேக்ஸ்பியர் இறந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆன பின். ஜூலியட்டும் கிளியோபாட்ராவும் முதலில் பையன்கள் குரலில்தான் பேசியிருக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. அப்பா குழுவிலும் கொஞ்ச காலம் அப்படித்தானாம். நாயகி வேடம் போட்டவர் பகலில் லோரி ஓட்டுபவர். அம்மாவின் கூறைச் சேலையைத்தான் அப்பா பையில் மடித்து எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது கழுத்துப் பக்கம் பவுடர் படிந்திருக்கும். அந்தச் சேலை இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஜரிகை ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை, எத்தனை துவைத்தும் போகவில்லை.

அம்மா மேடை ஏறியதில்லை. ஆனால் எல்லாருடைய வசனமும் அவருக்கு மனப்பாடம், ஏனென்றால் படியெடுத்தது அவர்தான். அப்பா இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொண்டு வருகிற கையெழுத்துப் பிரதி, அடித்தும் திருத்தியும் ஓரத்தில் அம்புக்குறி போட்டும் கிடக்கும். அம்மா அதை, பின்னட்டையில் வாய்பாடு அச்சடித்த பள்ளிக்கூட நோட்டில் நல்ல எழுத்தில் எழுதுவார். அப்புறம் நடிகர்களுக்கு அவரவர் பாடத்தை மட்டும் தனித்தனித் தாளில், கார்பன் வைத்து. தனக்கு முன்னால் பேசுகிறவரின் கடைசி வார்த்தை, பிறகு தன் வசனம், அவ்வளவுதான். ஷேக்ஸ்பியர் காலத்திலும் இப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள், நடிகனுக்கு முழு நாடகமும் கையில் கிடைக்காது, அவன் பங்கு மட்டும் ஒரு சுருளில் வரும். எனக்கு இது தெரிந்ததே போன வருடம்தான். அம்மாவிடம் சொன்னேன். "தாளு விலை அப்படி" என்றார்.

ஷேக்ஸ்பியர் அவருக்கு எப்படிப் பழக்கம் என்று சொல்லவில்லையே. அப்பாவுக்குத் தெரிந்த ஷேக்ஸ்பியர் பம்மல் சம்பந்த முதலியார் வழியாக வந்தவர். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர் முதலியார். ஹாம்லெட்டை அமலாதித்தன் ஆக்கினார், மக்பெத்தை மகபதி ஆக்கினார், வெனிஸ் வணிகனை வாணிபுர வணிகன் ஆக்கினார். ஆகவே எங்கள் வீட்டில் ஹாம்லெட் கிடையாது, அமலாதித்தன்தான். தொலைக்காட்சியில் யாரோ ஹாம்லெட் என்றால் அம்மா உடனே "அமலாதித்தன்" என்று திருத்துவார். பினாங்குக்கும் ஷேக்ஸ்பியர் பழக்கப்பட்டவர்தான். 1880-களில் அங்கே பிறந்து மலாயா முழுக்கச் சுற்றிய பங்சாவான் என்ற மலாய் நாடகக் குழுக்கள் ஹாம்லெட்டையும் வெனிஸ் வணிகனையும் மலாய் மொழியில் ஆடியிருக்கின்றன.

தொடரைப் பார்த்த நாளிலிருந்து ஓர் ஆசை மனதில் கிடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளை இப்படி யாராவது எடுக்க வேண்டும். 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், 1922-இல் புதுச்சேரியில் மறைந்தவர், ஐம்பது நாடகங்களுக்கு மேல் எழுதியவர். நம் மேடைகளில் அவர் படத்துக்கு மாலை போட்டு, நாடகத் தமிழின் தந்தை என்று சொல்லி, குத்துவிளக்கு ஏற்றி முடித்துவிடுகிறோம். மாலை போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மதுரையில் சின்னச் சின்னப் பையன்களை வைத்துக் கம்பெனி நடத்திய மனிதர் அவர். அந்தப் பையன்களுக்காக அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று அவரிடம் பயின்ற டி. கே. சண்முகம் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு ராத்திரியை மட்டும் நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது யார், எத்தனை பையன்கள் தூக்கம் வராமல் எட்டிப் பார்த்தார்கள், எந்தப் பையனுக்குக் குரல் உடையப் போகிறது என்று தெரிந்து எந்தப் பாட்டை மாற்றினார், விடிந்ததும் முதலில் யாரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். அரை மணி நேரத்துக்கு வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிற கதை அதில் இருக்கிறது, அது அவருக்கு மரியாதைக் குறைவும் ஆகாது. சமையல்காரர் சொன்ன ஒரு வார்த்தையை அவர் பாட்டில் வைத்தார் என்று காட்டினால் சுவாமிகள் சிறுத்துப் போக மாட்டார். இங்கே மலேசியாவில் வானவில், விண்மீன் தொலைக்காட்சி அலைவரிசைகளில் தமிழ்த் தொடர் எழுதுகிற பிள்ளைகள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் கையில் எடுத்தால் நான் வீடு வீடாகப் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

சரி, கடைசிப் பாகத்துக்கு வருகிறேன். மூன்றாவது வரிசையின் முடிவு, 2018-இல் வந்தது. அதுவரை ஒவ்வொரு பாகமும் ஒரே மாதிரிதான் முடியும், வில்லும் ஆனும் அடுப்பு நெருப்புக்கு முன்னால் புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு நடந்ததைப் பேசுவார்கள். எனக்கும் அம்மாவுக்கும் அது பழகிப் போயிருந்தது. இந்த முறை மகன் ஹாம்நெட் இறந்துவிடுகிறான். நிஜத்திலும் 1596 ஆகஸ்டில் அந்தப் பையனைப் புதைத்தார்கள், பதினொரு வயது, கூடப் பிறந்த இரட்டை ஜூடித். இருவரும் அதே நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிப்பில்லை. பிள்ளை இல்லாத அறையைத் துக்கம் நிரப்புகிறது, அவன் படுக்கையில் படுக்கிறது, என்னோடு நடந்து வருகிறது என்று ஷேக்ஸ்பியரின் ஜான் மன்னன் நாடகத்தில் ஒரு தாய் சொல்கிற வரிகள் மட்டும் கேட்கின்றன. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. ரிமோட்டையும் அழுத்தவில்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே போனவன், 1979-இல், ஆறு வயது. காய்ச்சல். அப்பா அன்றைக்குச் செந்தூலில் ஒத்திகையில் இருந்தார். கடைக்கு போன் வந்து, கடைப் பையன் மோட்டார் சைக்கிளில் போய்ச் சொல்லி, அவர் புடுராயாவுக்கு ஓடி, பஸ் ஏறி, ஃபெர்ரி ஏறி வீட்டுக்கு வந்தபோது காலை மணி ஒன்பதரை. அண்ணன் விடியும்போதே போய்விட்டான். அந்த ஒரு தடவை மட்டும் அப்பா பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அம்மா சொன்னார். இதைக்கூட இவ்வளவு வருடம் கழித்து, அன்றைக்கு ராத்திரிதான் சொன்னார்.

எனக்கு நீண்ட நாளாக அப்பா மேல் ஒரு வருத்தம் உண்டு. அண்ணன் போன அடுத்த பொங்கலுக்கே அவர் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார் என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன், மண்டபமே சிரித்ததாம். எப்படி முடிந்தது என்று அவரிடம் கேட்கத் துணிச்சல் வந்ததில்லை, அவரும் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. ஹாம்நெட் இறந்த பிறகு ஷேக்ஸ்பியரும் நகைச்சுவைதான் எழுதியிருக்கிறார். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் அவர் எழுதிய மிகச் சிறந்த நகைச்சுவைகள் வருகின்றன. அதில் ஒன்றான பன்னிரண்டாம் இரவில் இரட்டைப் பிள்ளைகள், அண்ணன் கடலில் மூழ்கிப் போனான் என்று தங்கை நினைத்துக்கொண்டிருக்கிறாள், கடைசியில் அவன் உயிரோடு வந்து நிற்கிறான். இதைப் படித்த பிறகுதான் அப்பாவின் அந்த நாடகத்தைத் தேடிப் பார்க்கத் தோன்றியது.

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டும் இருந்தன, அப்பாவின் அடித்தல் திருத்தல் பிரதியும் அம்மாவின் நல்ல எழுத்து நோட்டும். கதை, பெண் பார்க்கப் போன இடத்தில் வீடு மாறிப் போகிற குழப்பம். நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு சின்னப் பையன் மேடைக்கு ஓடி வருகிறான். "அப்பா, பஸ் வந்துருச்சா?" என்று கேட்கிறான். இல்லடா என்கிறார்கள். ஓடிவிடுகிறான். கதைக்கு அவன் தேவையில்லை, பெயர்கூடக் கிடையாது, பையன் என்றுதான் போட்டிருக்கிறது. மறுபடி வருகிறான், அதே கேள்வி. மண்டபம் சிரித்தது இதற்குத்தானாம்.

இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டிப் படித்தேன். அப்பா எழுதியதில் பையன் மூன்று தடவை வருகிறான். அம்மாவின் நோட்டில் நான்கு தடவை. நான்காவது, திரை விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், மற்ற வரிகளைப் போலவே அதே நீல மை, அதே சீரான எழுத்து. மேடையிலும் நான்கு தடவைதான் வந்திருக்கிறான்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அவன் நாலு தடவையாச்சும் கேப்பான்" என்றார்.